பின் கார்டில் விலைக்கு இடம் இல்லை

முப்பது, நாற்பது வருடங்களுக்கு முன் அம்பத்தூர், திருமுல்லைவாயில் பக்கத்துப் பட்டறைகளில் ஸ்டோர்ஸ் அறை என்றாலே அட்டைகள்தான். ரேக்கின் ஒவ்வொரு தட்டிலும் சணலிலோ கம்பியிலோ கோத்த பழுப்பு அட்டை ஒன்று தொங்கும். தேதி, வரவு, பற்று, இருப்பு, கடைசியில் ஒரு சுருக்கொப்பம். எண்ணெய்க் கை பட்டுப் பட்டு ஓரமெல்லாம் கறுத்திருக்கும். அதற்குப் பெயர் பின் கார்டு. அந்த அட்டையில் விலை எழுத இடமே கிடையாது. எத்தனை வந்தது, எத்தனை போனது, எத்தனை மிச்சம் என்பதோடு ஸ்டோர்ஸ்காரரின் வேலை முடிந்தது. ஒன்று என்ன விலை என்பதைப் பார்த்துக்கொள்ள அக்கவுண்ட்ஸ் அறையில் தடித்த ஸ்டோர்ஸ் லெட்ஜர் இருந்தது. ரூபாய் அங்கேதான் ஏறும். மாதக் கடைசியில் அட்டையையும் லெட்ஜரையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பார்கள். ஒத்துவராவிட்டால் இரண்டு அறைக்கும் நடுவில் சத்தம் கேட்கும்.

இன்று அந்த இரண்டும் ஒரே திரைக்குள் வந்துவிட்டன. பொருளுக்கு ஒரு கோடு எண். அதன் கீழ் எண்ணிக்கையும் மதிப்பும் சேர்ந்தே நகர்கின்றன. வாங்கி, செய்து, விற்கும் சரக்குக்கு இது பெரிய வசதி என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஒரு பட்டறைக்குள் விலை இல்லாத பொருள் நிறைய உண்டு. எண்ண வேண்டிய அவசியமே இல்லாத பொருளும் நிறைய உண்டு. இவற்றைக் கணினியில் எப்படி ஏற்றுவது? கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஜாப் ஒர்க்கை நம்பி நிற்கும் ஒரு வட்டாரத்தில் இதைத் தப்பாகச் செய்தவர்கள் பெரிய விலை கொடுக்கிறார்கள்.

திருமுல்லைவாயிலை வெளியூர்க்காரர்கள் மாசிலாமணீஸ்வரர் கோயிலால் அறிவார்கள். தொண்டைமானின் யானைக் கால் முல்லைக்கொடியில் சிக்கிய கதையும், சன்னதி முன் நிற்கும் வெள்ளெருக்குத் தூண்களும் பிரசித்தம். ஊரின் பிழைப்பை நடத்துவதோ ஒரு பக்கம் அம்பத்தூர், மறுபக்கம் ஆவடி. அம்பத்தூரில் 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்தது. ஆவடியில் 1955-ல் ட்யூப் ப்ராடக்ட்ஸ், 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை. விஜயந்தா டாங்கி 1965-ல் அங்கிருந்துதான் உருண்டு வெளியே வந்தது. 1960-களில் பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகள் எழுந்தன, அம்பத்தூர் தொழிற்பேட்டை உருவானது. இந்தப் பெரிய ஆலைகளைச் சுற்றி, சி.டி.எச். என்னும் சென்னை-திருவள்ளூர் நெடுஞ்சாலையின் இருபுறத்துச் சந்துகளில், லேத் பட்டறைகள், மில்லிங் ஷாப்புகள், பிரஸ் ஷாப்புகள், பிளேட்டிங், ஹீட் ட்ரீட்மென்ட் யூனிட்கள் முளைத்தன. சிட்கோ மகளிருக்கென்றே அமைத்த தொழிற்பேட்டையும் திருமுல்லைவாயிலில் இருக்கிறது.

இந்தச் சின்ன யூனிட்களில் ஒரு விசேஷம் உண்டு. உள்ளே கிடக்கும் சரக்கில் கணிசமான பகுதி அவர்களுடையது அல்ல. பெரிய கம்பெனி வார்ப்பையோ ஃபோர்ஜிங்கையோ ராடையோ கொடுத்து அனுப்பும். இவர்கள் கடைந்து, துளைத்து, தேய்த்துத் திருப்பி அனுப்புவார்கள். பில்லில் வருவது கூலி மட்டும். அந்த ராடுக்கு இவர்கள் ஒரு பைசா கொடுக்கவில்லை, அதனால் இவர்கள் புத்தகத்தில் அதன் விலை பூஜ்யம். 'ஃப்ரீ இஷ்யூ மெட்டீரியல்' என்று ஆவடி வட்டாரத்தில் சொல்வார்கள். அரசுப் படைத்துறை ஆலைகள் இப்படிப் பொருளை வெளியே கொடுக்கும்போது வங்கி உத்தரவாதமோ இன்டெம்னிட்டி பாண்டோ கேட்பது பழைய வழக்கம். வாங்கியவன் புத்தகத்தில் விலை பூஜ்யம், பொறுப்போ முழு விலைக்கு. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

ஒரு பட்டறையில் 'கணக்கில் ஏறாத பொருள்' என்று பொதுவாகச் சொல்லப்படுபவற்றில் குணத்தால் வேறுபட்ட மூன்று கலந்து கிடக்கின்றன. காசு கொடுத்து வாங்கியது, ஆனால் ஒவ்வொன்றாக எண்ணி மாளாதது: வாஷர், ஸ்பிளிட் பின், கட்டிங் ஆயில், எமரி தாள். காசு கொடுக்காதது, ஆனால் ஒன்று குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியது: பார்ட்டி கொடுத்த ராடு, வார்ப்பு, பெயர்த் தகடு. காசும் கொடுக்காமல், எண்ணவும் தேவைப்படாமல் வருவது: பேரிங்கோடு வரும் எண்ணெய்த் தாள், மோட்டார் பெட்டிக்குள் வரும் சாவிக்கட்டையும் நான்கு போல்ட்டும். இந்த மூன்றாவது வகை காய்கறிக் கடையில் கொசுறாக வரும் கறிவேப்பிலை மாதிரி. யாரும் கணக்கெழுத மாட்டார்கள், தாளிக்கும் நேரத்தில் இல்லையென்றால்தான் தெரியும். பழைய ஸ்டோர்ஸ்காரருக்கு இந்த மூன்றும் மூன்றுதான். கணினிக்கு மாறிய வேகத்தில் மூன்றும், மென்பொருளில் 'ஸ்டாக் பார்க்க வேண்டுமா' என்று கேட்கும் ஒரே டிக்குக்குள் விழுந்துவிட்டன.

அந்தக் காலத்தில் எதை எண்ணுவது, எதை விடுவது என்று யாரும் தாளில் எழுதி வைக்கவில்லை. ஸ்டோர்ஸ்காரருக்குத் தெரியும், அவ்வளவுதான். பனியன் வேஸ்ட் எடை போட்டு வாங்கி மூட்டையாக மூலையில் கிடக்கும். வேண்டியவன் பிடுங்கிக்கொண்டு போவான். கிரீஸ், சாக்பீஸ், பைண்டிங் ஒயர் எல்லாம் அப்படித்தான். "அண்ணே, எட்டு எம்எம் வாஷர் ஒரு கை குடுங்க" என்று பையன் வந்து நின்றால் இன்டென்ட் சீட்டு கேட்காமல் அள்ளிக் கொடுப்பார். அதே பையன் கார்பைட் டிப் கேட்டு வந்தால் பேச்சு வேறு: "தேஞ்சதைக் கொண்டாடா, அப்புறம் புதுசு தர்றேன்." இரண்டும் கையளவில் சின்னப் பொருள்தான். எதற்குக் கையை நீட்டலாம், எதற்குக் கையை மூடிக்கொள்ள வேண்டும் என்பதில் அவருக்குத் துளியும் குழப்பம் இருந்ததில்லை.

வாஷர் விஷயத்தில் அவர் செய்தது சரியான கணக்குத்தான். எம்8 வாஷர் ஒன்று ஏறத்தாழ 2 கிராம். ஒரு கிலோவில் 500-க்கு மேல் இருக்கும். அதை எண்ணிக் கொடுத்து, எழுதி, கையெழுத்து வாங்கும் நேரத்துக்கான கூலி வாஷரின் விலையைத் தாண்டிவிடும். பொருள்களை மதிப்பை வைத்து ஏ, பி, சி என்று பிரிக்கும் முறையை அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஃபோர்ட் டிக்கி 1951-ல் எழுதினார். எண்ணிக்கையில் பெரும் பகுதியாக இருக்கும் சி வகைச் சரக்கு மதிப்பில் சொற்பம்தான், அதன் மேல் கவனத்தைக் கொட்டாதே என்பது சாரம். நம் ஊரில் கூடவே வி.இ.டி. என்ற இன்னொரு பிரிவையும் சொல்லிக்கொடுப்பார்கள்: எது இல்லாமல் வேலை நிற்கும், எது இல்லாமல் சமாளிக்கலாம் என்று பார்ப்பது. வாஷர் ஏ-பி-சியில் கடைசி, வி.இ.டி.யில் முதல். லட்ச ரூபாய் அசெம்ப்ளி ஒரு சர்க்லிப் இல்லாமல் மேஜை மேல் காத்துக் கிடப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டாம்.

பழைய முறை பொன்னான முறை என்று நான் சொல்ல வரவில்லை. எல்லாம் ஒருவருடைய தலைக்குள் இருந்தது. அவர் ஊருக்குப் போனால் ஸ்டோர்ஸ் திண்டாடும். ஓய்வு பெற்றால் அந்த அறிவும் அவரோடு வீட்டுக்குப் போய்விடும். பற்று எழுதாத பொருள் சாயங்காலம் டிபன் பாக்ஸில் வெளியே போனதும் உண்டு. பட்டறையில் உண்மையான ஸ்டாக் எடுப்பு மார்ச் 31 அன்று நடந்ததா, ஆயுத பூஜைக்கு முன் நடந்ததா என்று கேட்டால், ஆயுத பூஜைக்குத்தான் என்பேன். அன்றைக்குத்தான் ரேக்கை இழுத்துப் பின்னால் பெருக்குவார்கள். இரண்டு வருடமாகத் தொலைந்ததாகச் சொன்ன கேஜும், அட்டையில் தீர்ந்துபோன போல்ட்டும், எந்தப் பார்ட்டியுடையது என்றே மறந்துபோன வார்ப்புகளும் அன்று வெளியே வரும். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதற்குள் பாதிக் கணக்கு தானாகச் சரியாகிவிடும்.

விலை இல்லாத பொருளுக்கு எண்ணிக்கை உண்டு என்பதை அந்தக் காலச் சட்டமும் ஒப்புக்கொண்டது. 1986 மார்ச்சில் மாட்வாட் என்ற எக்சைஸ் வரிக்கழிவு முறை வந்தபோது, வரி கட்டாமலே மூலப்பொருளை ஜாப் ஒர்க்குக்கு அனுப்பித் திரும்பப் பெற வழி வைத்தார்கள். அதே மாதம் வெளியான 214/86 அறிவிக்கையும் ஜாப் ஒர்க்குக்குத்தான். பின்னால் 57எஃப்(4) விதியின் கீழ் வந்த சலானை அம்பத்தூர் பக்கம் 'ஐம்பத்தேழு எஃப் நாலு' என்றே எல்லோரும் சொன்னார்கள். அந்தச் சலானில் போன கிலோவும் நம்பரும்தான் பேச்சு. எத்தனை போனது, எத்தனை வேலை முடிந்து திரும்பியது, எத்தனை ரிஜெக்ட், சுருளாகவும் துண்டாகவும் விழுந்த ஸ்கிராப் எத்தனை கிலோ. இவற்றைக் கூட்டினால் போன எடை வர வேண்டும். எக்சைஸ் இன்ஸ்பெக்டர் வந்து உட்கார்ந்தால் முதலில் புரட்டுவது இந்தச் சலான் கட்டைத்தான். வாங்காத பொருளுக்கும் கணக்கு எழுதும் பழக்கம் சின்னப் பட்டறைகளுக்கு அங்கிருந்து வந்தது.

கணினி வந்தது இதற்குப் பிறகு. மாட்வாட் பிறந்த அதே 1986-ல் பெங்களூரில் கோயங்கா குடும்பம் தொடங்கிய கம்பெனிதான் டேலியைக் கொண்டுவந்தது. அம்பத்தூர் வட்டாரத்தின் சின்ன யூனிட்களில் முதலில் நுழைந்த மென்பொருள் பெரும்பாலும் அதுதான். அதை வாங்கச் சொன்னவர் ஆடிட்டர், கற்றுக்கொண்டவர் அக்கவுண்டண்ட். ஸ்டோர்ஸுக்குள் கணினி போனது பின்னால்தான். சில இடங்களில் இன்னும் போகவில்லை. சரக்கைப் பார்க்கும் பார்வை அக்கவுண்டண்டின் பார்வையாக மாறியதற்கு இந்த வரிசைதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவருக்குப் பொருள் என்றால் ரூபாய். பர்ச்சேஸ் பில் இல்லாமல் வந்த பொருளை எந்தத் தலைப்பில் போடுவது? விலை என்ற கட்டத்தில் என்ன அடிப்பது? பூஜ்யம் அடித்தால் ஏற்குமா? தலைவலி எதற்கென்று ஏற்றாமலே விட்டுவிடுவது சுலபமாக இருந்தது. அந்த ஒரு முடிவால், பின் கார்டில் இயல்பாக இருந்துவந்த 'எண்ணிக்கை மட்டும்' என்ற நிலை காணாமல் போயிற்று.

ஏற்றியவர்களும் வேறு விதமாகச் சிக்கிக்கொண்டார்கள். ஒரு யூனிட் தன் காசில் 200 ரூபாய்க்கு ஒரு பேரிங் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டாக்கில் 100. அதே நம்பர் பேரிங் 100-ஐ பார்ட்டி இலவசமாகக் கொடுத்து, இதை எங்கள் வேலைக்குப் போடுங்கள் என்கிறது. பொருள் ஒன்றுதானே என்று ஒரே கோடில் ஏற்றிவிடுகிறார்கள். மென்பொருள் சராசரி போடுகிறது: 200 பேரிங், மொத்த மதிப்பு 20,000, ஆக ஒன்று 100 ரூபாய். அடுத்த மாதம் இன்னொரு பார்ட்டிக்கு கொட்டேஷன் கொடுக்கும்போது திரையைப் பார்த்து பேரிங் 100 ரூபாய் என்று போடுகிறார்கள். ஆர்டர் கிடைக்கிறது. ஒவ்வொரு பீஸிலும் 100 ரூபாய் நஷ்டம் என்று வருட முடிவில்தான் தெரியும். அப்போதும் காரணம் தெரியாது. பழைய ஸ்டோர்ஸில் இது நடந்திருக்காது. பார்ட்டி பேரிங் தனித் தட்டு, தனி அட்டை, சில இடங்களில் தனிப் பூட்டு.

இன்னொரு சிக்கல் மைனஸ். அசெம்ப்ளியின் பாகப் பட்டியலில் வாஷர் 6 என்று இருக்கிறது. ஒரு அசெம்ப்ளி முடிந்ததாக என்ட்ரி போட்டதும் மென்பொருள் தானாக 6 வாஷரைக் கழிக்கிறது. வாஷர் மூட்டையாக வந்ததை யாரும் வரவு வைப்பதில்லை. ஆயிரம் அசெம்ப்ளிக்குப் பிறகு திரையில் மைனஸ் 6,000, சிவப்பில். வாங்கு வாங்கு என்று மென்பொருள் கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஸ்டோர்ஸில் மூட்டை நிறைய வாஷர் இருக்கிறது. நாளடைவில் சிவப்பு எழுத்தைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். நாற்பது பொய்ச் சிவப்புக்கு நடுவில், நிஜமாகவே தீர்ந்துபோன ஒரு ஆயில் சீலின் சிவப்பும் கண்ணில் படாமல் போகிறது. லைன் நிற்பது அன்றைக்குத்தான்.

இதற்கு அவசரமாகச் செய்யப்படும் வைத்தியம் இன்னும் மோசம். வாஷரைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். சிவப்பு மறைந்துவிடும். ஆனால் அந்தப் பட்டியலை வைத்து அசெம்ப்ளி செய்பவருக்கு வாஷர் என்ற ஒன்றே தெரியாது. பழைய ஆள் இருக்கும் வரை கை தானாகப் போடும். ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ நேற்று வந்து சேர்ந்த பையன் தாளில் இருப்பதைத்தான் போடுவான். வாஷர் இல்லாமல் இறுக்கிய போல்ட் வண்டியில் ஏறி ஓடும். எண்ணாமல் விடுவது ஒன்று, பட்டியலில் இல்லாமல் செய்வது முற்றிலும் வேறு. வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொரு பாகமும் பட்டியலில் இருந்தே ஆக வேண்டும். இருப்பு பார்க்க வேண்டாம் என்பதை அந்தப் பாகத்தின் மேல் தனியாகக் குறித்துக்கொள்ளலாம்.

அப்படிக் குறிக்க மென்பொருளில் வழி இல்லாமல் இல்லை. பெரிய கம்பெனிகள் வைத்திருக்கும் எஸ்.ஏ.பி.யில் பொருள் வகையிலேயே இந்தப் பிரிவு உண்டு. யு.என்.பி.டபிள்யூ. என்ற வகையில் ஏற்றினால் எண்ணிக்கை நகரும், ரூபாய் நகராது. என்.எல்.ஏ.ஜி. என்ற வகையில் இரண்டுமே நகராது. பாகப் பட்டியலில் ஒரு வரியை 'பல்க் மெட்டீரியல்' என்று குறித்தால் அது பட்டியலில் தெரியும், இருப்பில் கழியாது. மும்பையில் உருவான இஆர்பிநெக்ஸ்ட்டில் 'மெயின்டெயின் ஸ்டாக்' என்று ஒரு கட்டம் இருக்கிறது. டிக்கை எடுத்தால் எண்ணிக்கை பார்க்காது. பார்ட்டி கொடுத்த பொருள் என்று குறிக்க வேறு கட்டம், பூஜ்ய மதிப்பை ஏற்க வேறு கட்டம். டேலியில் பூஜ்ய மதிப்புப் பதிவை அனுமதிக்கும் வசதி உண்டு. நம்மிடம் இருக்கும் பிறர் சரக்கு என்று ஒரு கோடவுனைத் தனியாகத் திறக்கலாம், மெட்டீரியல் இன், மெட்டீரியல் அவுட் என்று வவுச்சர் போடலாம். ஆக, எண்ண வேண்டுமா, நமக்கு விலை உண்டா என்ற இரண்டு கேள்வியும் பெரும்பாலான மென்பொருளில் தனித்தனியாகவே கேட்கப்படுகின்றன. பதில் சொல்லும் இடத்தில்தான் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறோம். விலை இல்லையா, அப்படியானால் ஸ்டாக் வேண்டாம் என்று டிக்கை எடுத்துவிடுகிறோம்.

அந்த டிக்கின் விலையை இந்த வட்டாரம் இரண்டு முறை தண்ணீரில் நின்று பார்த்தது. 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டை மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகு பட்டறைகளில் நடந்ததை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. சிஎன்சி மெஷினின் கன்ட்ரோல் பேனலைத் திறந்தால் சேறு. கிரைண்டிங் முடித்து எண்ணெய் தடவி அடுக்கிய ஷாஃப்ட்டுகள் துருப்பிடித்துப் பழுப்பாகிவிட்டன. அந்த ஷாஃப்ட்டுகளில் எத்தனையோ பார்ட்டியுடையவை. இன்சூரன்ஸ் சர்வேயர் வந்து கேட்பது முதலில் ஸ்டாக் ஸ்டேட்மென்ட். அதில் பார்ட்டி சரக்கே இல்லை, அல்லது இருந்தும் மதிப்பு பூஜ்யம். பூஜ்யத்துக்கு எந்தக் கம்பெனியும் நஷ்ட ஈடு தராது. அதற்கும் மேல் ஒரு சங்கடம் உண்டு. நாட்டில் நெடுங்காலமாகப் புழங்கும் ஸ்டாண்டர்ட் ஃபயர் பாலிசியில், பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைத் தனியாகச் சொல்லிச் சேர்த்தால்தான் அதற்குக் காப்பு. எவ்வளவு மதிப்புக்குப் பிறர் பொருள் உள்ளே கிடக்கிறது என்றே தெரியாதவர் எதைச் சொல்லிச் சேர்ப்பார்? பார்ட்டியோ முழு விலைக்கு டெபிட் நோட் எழுதலாம். கூலிக்கு வேலை செய்யும் ஒரு யூனிட் பொருளின் விலையைக் கட்ட வேண்டி வந்தால் எத்தனை மாத உழைப்பு அதில் கரையும் என்பதைத் தொழில் செய்பவர்கள் அறிவார்கள்.

இத்தனைக்கும் அந்தப் பொருளின் மதிப்பு கையிலேயே இருக்கிறது. ஜி.எஸ்.டி.யில் விதி 55-ன் கீழ் எழுதும் டெலிவரி சலானில், விற்பனையே இல்லாவிட்டாலும், பொருளின் அளவோடு மதிப்பையும் எழுத வேண்டும். பார்ட்டி அனுப்பும் ஒவ்வொரு ராடுக் கட்டோடும் அந்த மதிப்பு எழுதப்பட்டு வருகிறது. சலானைக் கோப்பில் குத்தி வைத்துவிட்டு அந்த எண்ணை யாரும் ஏற்றுவதில்லை. புத்தக மதிப்பு பூஜ்யமாகவே இருக்கட்டும், அதுதான் சரி. பிறர் சொத்தை நம் பேலன்ஸ் ஷீட்டில் காட்டக் கூடாது. ஆனால் பொருளின் பக்கத்தில் 'சலான் மதிப்பு' என்று ஒரு தகவல் கட்டம் வைத்துக்கொள்ள யாரும் தடை சொல்லவில்லை. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் எவ்வளவு பெரிய பொறுப்பின் மேல் உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

ஜி.எஸ்.டி. வேறு ஒரு கெடுவும் வைத்திருக்கிறது. சட்டத்தின் 143-ஆம் பிரிவுப்படி, ஜாப் ஒர்க்குக்குப் போன மூலப்பொருள் ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும் அல்லது அங்கிருந்தே விற்பனைக்குப் போக வேண்டும். இல்லையென்றால் அனுப்பிய தேதியிலேயே விற்றதாகக் கருதி வரி கேட்பார்கள். அதற்கு முன், மாட்வாட்டின் இடத்துக்கு வந்த சென்வாட் காலத்தில், கெடு 180 நாள். மோல்டு, டை, ஜிக், ஃபிக்ஸ்சருக்கு இந்தக் கெடு கிடையாது. அதனாலேயே அவை மறந்துபோகின்றன. எந்தப் பார்ட்டியின் டை எந்த மூலையில் கிடக்கிறது என்று தேடும் வேலை பிரஸ் ஷாப்புகளில் இன்றும் ஓயவில்லை. அனுப்பிய கம்பெனி ஐ.டி.சி.-04 என்ற படிவத்தில் கணக்குக் காட்ட வேண்டும். அதற்கான எண்ணிக்கை ஜாப் ஒர்க் செய்பவரிடமிருந்துதான் போகிறது. ஸ்கிராப் யாருடையது என்பதையும் இந்தப் பிரிவே பேசுகிறது: ஜாப் ஒர்க்கர் பதிவு பெற்றவரானால் தம் இடத்திலிருந்தே வரி கட்டி விற்கலாம், இல்லையென்றால் கொடுத்தவர் விற்பார். பித்தளை வேலை செய்யும் இடத்தில் சுருளின் கணக்கு விளையாட்டல்ல.

விலை பூஜ்யம் என்பதற்காகக் கைவிடப்பட்டு, நிஜத்தில் கண்ணாக எண்ண வேண்டிய பொருள்கள் இன்னும் உண்டு. பார்ட்டி தரும் பெயர்த் தகடு, ஹோலோகிராம், ஸ்டிக்கர் ரோல். ஒன்று காணாமல் போனால் போலிச் சரக்கின் மேல் ஒட்டி வெளியே வரலாம். பிறகு எங்கள் லேபிள் எப்படி வெளியே போயிற்று என்று கேள்வி வரும். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துக் கம்பெனிகளுக்குச் சரக்குப் போய் வரும் பிளாஸ்டிக் பெட்டிகளும் டிராலிகளும் அப்படியே. யாருக்கும் செலவில்லாத பொருள் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும், ஒருநாள் 300 பெட்டி குறைகிறது என்று டெபிட் வரும். ஐ.எஸ்.ஓ. 9001 தரநிலையில் வாடிக்கையாளரின் சொத்தைப் பாதுகாப்பதற்கென்றே 8.5.3 என்று ஒரு பிரிவு இருக்கிறது. 1994 பதிப்பில் அது 4.7. ஆடிட் வரும் நாளில் அந்தப் பிரிவுக்கு ஒரு கோப்பு தயாராகும். அந்தக் கோப்பும் மென்பொருளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை.

வாஷர் வகைக்கு வழி எளிது. இரண்டு பெட்டி முறை இந்த வட்டாரத்திலும் பல இடங்களில் இருக்கிறது. ஒரே பொருளுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு பெட்டி. முன்பெட்டி காலியானால் பின்பெட்டியை இழுத்துக்கொள்ள வேண்டும், காலிப் பெட்டி ஸ்டோர்ஸுக்குப் போக வேண்டும். காலிப் பெட்டியே இன்டென்ட். எண்ண வேண்டாம், கழிக்க வேண்டாம், மைனஸ் வராது. வாங்கிய பில் நேராகச் செலவில் போகும். வருடத்துக்கு இவ்வளவு என்று தெரிந்த பிறகு, மெஷின் மணிக்கட்டணத்தில் சேர்த்து கொட்டேஷனில் வசூலித்துக்கொள்ளலாம். இதை மறந்தால் வாஷரும் ஆயிலும் எமரி தாளும் முதலாளியின் லாபத்திலிருந்து போகும். கார்பைட் டிப்பை மட்டும் இந்த வகையில் ஒருபோதும் சேர்க்கக் கூடாது. அளவில் சின்னது என்பதைத் தவிர வாஷருக்கும் அதற்கும் உறவில்லை. பழைய டிப்பைக் கொடுத்துப் புதிய டிப் வாங்கும் வழக்கம் இன்றைக்கும் அதற்குச் சரிதான்.

இப்போது ஸ்டோர்ஸில் உட்கார்ந்திருப்பவர் பல யூனிட்களில் ஒரு பெண். பி.காம். படித்தவரோ டிப்ளமோ முடித்தவரோ, ஆவடி, பட்டாபிராம் பக்கமிருந்து ரயிலிலோ ஷேர் ஆட்டோவிலோ வருகிறவர். கணினியில் வரவு வைக்கிறார், சலான் அடிக்கிறார், வாட்ஸ்அப்பில் பார்ட்டிக்கு இருப்பு சொல்கிறார். அவருடைய மேஜையைக் கவனித்துப் பார்த்தால் கணினிக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு இருக்கும். எந்தப் பார்ட்டி எத்தனை பீஸ் கொடுத்தது, எத்தனை போயிற்று, எத்தனை ரிஜெக்ட் என்று அதில் கையால் எழுதியிருப்பார். திரையில் இடம் கிடைக்காத கணக்கு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. பின் கார்டை அவர் பார்த்ததில்லை, ஆனால் அந்த நோட்டிலும் விலை எழுத இடம் இல்லை. போன் செய்து "மேடம், எங்க மெட்டீரியல் இன்னும் எவ்ளோ இருக்கு?" என்று பார்ட்டி கேட்டால் அவர் பார்ப்பது திரையை அல்ல, அந்த நோட்டை. ஒரு யூனிட்டின் மிகப் பெரிய பொறுப்பு ஒரு நோட்டுப் புத்தகத்தில், ஒருவருடைய கையெழுத்தில் மட்டும் இருக்கிறது. பழைய ஸ்டோர்ஸ்காரரின் தலைக்குள் இருந்த அதே ஆபத்து இது.

புதிய மென்பொருள் போடும்போது வெளியிலிருந்து ஒருவர் வருகிறார், ஐட்டம் மாஸ்டர் கேட்கிறார், எக்செல் தாளை நிரப்பிக் கொடுப்பது பெரும்பாலும் அக்கவுண்டண்ட். ஸ்டோர்ஸ் பெண்ணை யாரும் அந்த அறைக்குள் கூப்பிடுவதில்லை. அவரைத்தான் முதலில் உட்கார வைக்க வேண்டும். இதை எண்ணித்தான் கொடுக்கிறீர்களா, அள்ளிக் கொடுக்கிறீர்களா? குறைந்தால் யார் வந்து சண்டை போடுவார்கள்? இதே நம்பரில் நம்முடையதும் பார்ட்டியுடையதும் உண்டா? திருப்பி அனுப்ப வேண்டியதா? ஒவ்வொரு பொருளுக்கும் இதை அவரால் யோசிக்காமல் சொல்ல முடியும். இஆர்பிநெக்ஸ்ட் போன்றவற்றில் ஒரு பொருளில் வரவு செலவு நடந்துவிட்டால் 'மெயின்டெயின் ஸ்டாக்' டிக்கை மாற்ற விடாது. புதிய கோடு திறந்து எல்லாவற்றையும் மறுபடி ஏற்ற வேண்டியதுதான். எனவே ஏப்ரல் 1-க்குப் புதுக் கணக்கு திறக்கும் முன், மார்ச் கடைசியில் ஸ்டாக் எடுக்கும்போதே, அந்த நீள நோட்டையும் மேஜை மேல் விரித்துவைத்து இந்தப் பிரிவினையை முடித்துவிட வேண்டும். பார்ட்டி சரக்கு என்று பிரிந்து வந்த பட்டியலைச் சலான் மதிப்போடு ஒரு நகல் எடுத்து, இன்சூரன்ஸ் புதுப்பிக்க வரும் ஏஜென்டிடம் கொடுக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும்.